பெரியப்பாவின் செடிகளைக் கணினியில் ஏற்ற எந்த மென்பொருள் நல்லது?

தேவி_சாட்ஸ்வொர்த் (டர்பன்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பெரியப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். சம்பாதித்ததில் பாதியைச் செடியிலேயே போட்டவர். கற்றாழை, கள்ளி, சைக்காடு (ஈந்து போல இருக்கும் கூம்புச் செடி), ஆர்க்கிட் ஒரு பக்கம். வில்வம், கறிவேப்பிலை, முருங்கை, துளசி இன்னொரு பக்கம். வீட்டைச் சுற்றிக் கால் வைக்க இடம் கிடையாது. இப்போது அவருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. "இனி நீ பார்த்துக்கொள்ளம்மா" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

அவருடைய குறிப்பெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கிறது. அட்டைகள், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், பள்ளிக்கூட நோட்டுகள். மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் என் தம்பி அதையெல்லாம் எக்செல்லில் ஏற்ற ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டான். ஒரு வரிசையை அப்படியே தருகிறேன்:

அலோ பார்பரே | 87 | உம்கோமாஸ் ஆற்றோரம் | பெரிய தொட்டி, பிறகு கேட் பக்கம், கோயிலுக்கு ஒன்று கொடுத்தாச்சு | பேர் மாறிவிட்டதாம்

எல்லா வரிசையும் இந்த லட்சணம்தான். இடம்1, இடம்2, இடம்3 என்று பத்தி வளர்ந்துகொண்டே போகிறது. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் வாங்கலாமா? இலவசமாக நல்லது ஏதாவது உண்டா? நானும் தம்பியும் இரண்டு ஊரிலிருந்து பதிய வேண்டும். தமிழ்ப் பெயரும் ஏற வேண்டும், பெரியப்பா அதில் கறாராக இருக்கிறார்.

---

தொங்காட்_மணியம் எழுதியது:

தங்கச்சி, ஒரு தடித்த நோட்டு, ஒரு பென்சில். முடிந்தது கதை. கணினியில் ஏற்றி வைத்த என் கரும்புக் கணக்கு எல்லாம் பிளாப்பி வட்டில் கிடக்கிறது, போட்டுப் பார்க்க மெஷின் இல்லை. என் அப்பா எழுதிய நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது, நேற்றுகூடப் புரட்டினேன்.

---

கள்ளிக்காடன் (கேப் டவுன்) எழுதியது:

மணியம் அண்ணா சொல்வதை ஒதுக்க மாட்டேன், ஆனால் நோட்டில் "கோயிலுக்குக் கொடுத்ததெல்லாம் எது எது?" என்று கேட்டால் நோட்டு பதில் சொல்லாது. ராத்திரி முழுக்கப் புரட்ட வேண்டியதுதான்.

தேவி, மென்பொருளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் காட்டிய அந்த ஒரு வரிசையிலேயே சிக்கல் முழுதும் இருக்கிறது. மூன்று தனிச் சங்கதிகள் ஒரே கோட்டில் நெருக்கியடித்து நிற்கின்றன. செடியின் அறிவியல் பெயர் ஒன்று. அது உங்கள் வீட்டுக்கு எப்போது, எங்கிருந்து, யார் கையால் வந்தது என்பது இரண்டு. இன்றைக்கு எந்தத் தொட்டியில் நிற்கிறது, உயிரோடுதான் இருக்கிறதா என்பது மூன்று. பெயரை விஞ்ஞானிகள் மாற்றுவார்கள். இடத்தை நீங்கள் மாற்றுவீர்கள். வந்த கதையை மட்டும் யாரும் மாற்ற முடியாது. அதனால் மூன்றுக்கும் தனித்தனி அட்டவணை:

பெயர்: பேரினம், இனம், பெயர் சூட்டிய ஆசிரியர், தமிழ்ப் பெயர், "இப்போதைய சரியான பெயர் எது" என்று காட்டும் சுட்டி.
சேர்க்கை: எண், வந்த தேதி, யாரிடமிருந்து, எங்கிருந்து, விதையா கன்றா வெட்டுத்தண்டா.
செடி: சேர்க்கை எண்ணோடு ஏ, பி, சி என்று ஓர் எழுத்து, இடம், நிலைமை.

ஒரே இனம், ஒரே மூலம், ஒரே நாளில் வந்தது என்றால் ஒரே சேர்க்கை எண். உங்கள் பார்பரே 1987-0012 என்று வைத்துக்கொண்டால், கேட் பக்கம் நிற்பது 1987-0012-ஏ, கோயிலுக்குப் போனது 1987-0012-பி. கொடுத்தாலும் செத்தாலும் வரிசையை அழிக்காதீர்கள். "கொடுக்கப்பட்டது", "இறந்தது" என்று நிலைமையை மட்டும் மாற்றுங்கள். அந்த எண்ணை இன்னொரு செடிக்குத் தரவும் கூடாது.

அந்தப் "பேர் மாறிவிட்டதாம்" உண்மைதான். 2013இல் அலோ பேரினத்தைப் பிரித்தபோது மரக்கற்றாழைகள் அலோய்டெண்ட்ரான் ஆகிவிட்டன. அலோய்டெண்ட்ரான் பார்பரே என்று இன்னொரு பெயர் வரிசை போட்டு, பழையதிலிருந்து அதற்குச் சுட்டி கொடுத்தால் போதும். அட்டையில் பெரியப்பா எழுதியது எழுதியபடியே இருக்கட்டும்.

---

எழிலி (ஜோகன்னஸ்பர்க்) எழுதியது:

நூலகத்தில் சேர்க்கைப் பதிவேடு பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான் இது. கள்ளிக்காடன் சொன்ன அமைப்போடு இரண்டு சேர்க்கிறேன்.

தேவி, உங்கள் தம்பி எண்ணை எப்படி எழுதியிருக்கிறார் என்று உடனே பாருங்கள். 2019.1, 2019.10, 2019.100 என்று புள்ளி வைத்து எழுதியிருந்தால், எக்செல் அதைத் தசம எண் என்று எடுத்துக்கொண்டு கடைசிச் சுழியங்களை விழுங்கிவிடும். மூன்றும் 2019.1 ஆகிவிடும். மூன்று செடிக்கு ஒரே எண், திருப்பி எடுக்க வழியே கிடையாது. நான்கு இலக்கமாக 2019.0010 என்று எழுதியிருந்தால் பரவாயில்லை, 2019.001 என்று நிற்கும், பின்னால் ஒரு சுழியம் போட்டு மீட்டுவிடலாம். எதற்கும் அந்தப் பத்தியை "உரை" என்று மாற்றிவிட்டு, புள்ளிக்குப் பதில் சிறுகோடு போடுங்கள்.

அடுத்தது மூலக் குறியீடு. தாவரவியல் தோட்டங்கள் ஒன்றுக்கொன்று பட்டியல் பரிமாறிக்கொள்ள வைத்திருக்கும் வடிவத்தில் நான்கு எழுத்து உண்டு. காட்டிலிருந்து நேராக வந்தது டபிள்யூ. காட்டுச் செடியிலிருந்து தோட்டத்தில் பெருக்கியது இசட். தோட்டத்திலேயே பிறந்தது ஜி. தெரியாதது யூ. இந்த ஒரு எழுத்துத்தான் உங்கள் சேகரிப்புக்கு மதிப்பைத் தருவது. உம்கோமாஸ் ஆற்றோரம் எடுத்த பார்பரேயும், நர்சரியில் காசு கொடுத்து வாங்கிய பார்பரேயும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆராய்ச்சிக்காரருக்கு இரண்டும் ஒன்றல்ல.

---

தேவி_சாட்ஸ்வொர்த் எழுதியது:

எழிலி அக்கா, போய்ப் பார்த்தேன். புள்ளிதான் வைத்திருக்கிறான். நல்லவேளை நான்கு இலக்கம்.

ஒரு சந்தேகம். சைக்காடில் தாய்ச்செடியின் அடியில் குட்டி விடுகிறது. அதைப் பிரித்து நட்டால் புதுச் சேர்க்கை எண்ணா, அதே எண்ணா? கீழே இரண்டு படம் போட்டிருக்கிறேன், வீட்டுக்குப் பின்னால் நிற்பது.

---

நடத்துநர்:

தேவி, உங்கள் இரண்டு படத்திலும் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றியிருக்கிறேன். சைக்காடு திருடுகிறவர்கள் வீட்டுத் தோட்டத்தையும் விடுவதில்லை. எல்லோரும் கவனிக்கவும்: போன் கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

---

நட்டால்_ஈந்து (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) எழுதியது:

நடத்துநருக்கு நன்றி. தேவிம்மா, படத்தில் இருப்பது என்செஃபலார்ட்டோஸ் நட்டாலென்சிஸ் போலத்தான் தெரிகிறது. கூம்பு வந்தால் உறுதியாகச் சொல்லலாம்.

குட்டி விஷயத்துக்கு நம் ஊரிலேயே கதை இருக்கிறது. 1895இல் ஜான் மெட்லி வுட் ஒன்கோயே காட்டில் ஒரே ஒரு சைக்காட்டுக் கூட்டத்தைக் கண்டார். அதுதான் என்செஃபலார்ட்டோஸ் வூடியை. 1903இல் அதன் அடிக்குட்டிகளை எடுத்து வந்து டர்பனில் நட்டார்கள், 1907இல் பெரிய தண்டுகளையும் கொண்டுவந்தார்கள். 1916இல் காட்டில் மிஞ்சியதும் பிரிட்டோரியாவுக்குப் போய், 1964இல் அங்கே செத்தது. அதற்குப் பிறகு காட்டில் இன்னொன்றை யாரும் காணவில்லை. இன்று உலகத்தில் எத்தனை தோட்டத்தில் வூடியை நின்றாலும் எல்லாம் அந்த ஒரே ஆண் செடியின் குட்டிகள், குட்டியின் குட்டிகள். டர்பன் தாவரவியல் தோட்டத்துக்குப் போனால் பார்க்கலாம்.

இப்போது யோசியுங்கள். ஒரு தோட்டம் தன் வூடியைக்கு வெறும் எண்ணை மட்டும் கொடுத்து, எந்தத் தாயின் குட்டி என்று எழுதாமல் விட்டால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அதனால் பிரித்து நட்ட குட்டிக்குப் புது எண் கொடுங்கள். கூடவே "தாய்ச்செடி" என்று ஒரு பத்தி வைத்து, அதில் தாயின் எண்ணைப் போடுங்கள். பிரிக்காமல் தாயோடு ஒட்டி நிற்கும் வரை அது தாயின் கணக்கில்தான் சேரும்.

ஆண், பெண் என்ற பத்தியைச் செடி அட்டவணையில் வைத்தால் வருஷக்கணக்கில் காலியாகவே கிடக்கும். சைக்காடு கூம்பு விட்டால்தானே தெரியும். "நிகழ்வு" என்று நான்காவது அட்டவணை ஒன்று போடுங்கள்: எந்தச் செடி, என்ன தேதி, என்ன நடந்தது. கூம்பு விட்டது, தொட்டி மாற்றியது, மாவுப்பூச்சி வந்தது, கேட் பக்கம் போனது. உங்கள் இடம்1, இடம்2 தொல்லையும் அதோடு ஒழிந்தது.

இன்னொன்றும் கண்டிப்பாக வேண்டும்: அனுமதிச் சீட்டு எண். என்செஃபலார்ட்டோஸ் அத்தனையும் சைட்டீஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது. நம் மாகாணத்தில் வைத்திருக்கவே மாகாண இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான எஸெம்வெலோ அனுமதி கேட்கும். பெரியப்பா பெயரில் இருக்கும் சீட்டு உங்கள் கைக்குச் செடி மாறும்போது தானாகச் செல்லுபடி ஆகும் என்று நினைக்காதீர்கள். அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சீட்டை ஸ்கேன் எடுத்து அந்தச் செடியின் எண்ணையே கோப்புக்குப் பெயராக வையுங்கள்.

---

தொங்காட்_மணியம் எழுதியது:

நான்கு அட்டவணை ஆகிவிட்டது! நான் சொன்னது ஒரு நோட்டு.

---

கள்ளிக்காடன் எழுதியது:

அண்ணா, உங்கள் நோட்டில் நான்கு பக்கம் பிரித்து அட்டை செருகினால் அதுவும் இதுதான் 🙂

சரி, மென்பொருள். தேவி கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பெரிய தோட்டங்களுக்கென்றே செய்தவை உண்டு. ஆக்ஸ்போர்டில் உருவான பிராம்ஸ், நார்வேக்காரர்களின் ஐரிஸ்பிஜி, 1980களிலிருந்து ஓடும் பிஜி-பேஸ். நம் நாட்டுத் தாவர நிறுவனமான சான்பி தன் உலர்தாவரப் பதிவுகளைப் பிராம்ஸில்தான் வைத்திருக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கு அதெல்லாம் பையில் போகிற சாமானுக்கு லாரி பிடிக்கிற வேலை. திறமூலத்தில் பாபிள், அதிலிருந்து பிரிந்த கினி என்று இருந்தன. அமைப்பு ரொம்ப அழகு, பெயர்-சேர்க்கை-செடி என்று நாம் பேசியதேதான். ஆனால் புது கணினியில் நிறுவ மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கணினி பழகியவர் பக்கத்தில் இல்லாமல் இறங்காதீர்கள்.

என் ஓட்டு எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்துக்கு. ஒரே கோப்பு, காசு இல்லை, இணையம் வேண்டாம், டிபி பிரவுசர் என்ற இலவசச் செயலியில் திறக்கலாம். லோட்ஷெடிங்கில் நடுவில் கரண்டு போனாலும் பாதி எழுதியதைத் தானே ரத்து செய்துவிட்டு முந்தைய நிலைக்குத் திரும்பிவிடும். ஒரு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பைத்தான் நிரலிலிருந்தோ கட்டளை வரியிலிருந்தோ எழுதினால், அட்டவணைகளுக்கு இடையிலான தொடர்பை அது சரிபார்க்காது. இல்லாத சேர்க்கைக்குச் செடி போட்டாலும் வாய் திறக்காமல் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறை இணையும்போதும் "பிராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்" கொடுத்தால்தான் தடுக்கும்.

---

எழிலி எழுதியது:

இதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு ஊர், இரண்டு ஆள். எஸ்கியூலைட் கோப்பை ஒரு மேகக்கணிக் கோப்புறையில் போட்டு இரண்டு பேரும் திறந்தால் ஒருநாள் கோப்பு கெட்டே தீரும். ஒத்திசைவுச் செயலிக்குத் தரவுத்தளம் என்றால் என்னவென்று தெரியாது, பாதிக் கோப்பைக்கூடத் தூக்கி எதிர்ப்பக்கம் போட்டுவிடும். ஏர்டேபிள் மாதிரி இணையத்தில் இருப்பது ஒன்று என்றால் தம்பியும் அக்காவும் ஒரே நேரத்தில் பதியலாம், போனிலேயே தோட்டத்தில் நின்றபடி படமும் ஏற்றலாம்.

---

கள்ளிக்காடன் எழுதியது:

சைக்காடு இருக்கும் தோட்டத்தின் முழு வரைபடத்தை யாரோ ஒருவர் சர்வரில் வைப்பதா? நடத்துநர் இப்போதுதான் படத்திலிருந்து இடத்தை எடுத்தார். இலவசக் கணக்கில் இத்தனை பதிவுக்கு மேல் கிடையாது என்ற கட்டுப்பாடு வேறு. நாளைக்கு விலையை ஏற்றினால் என்ன செய்வீர்கள்?

---

எழிலி எழுதியது:

சைக்காட்டின் இடத்தை மட்டும் இணையத்தில் ஏற்றாமல் விடலாமே. காட்டில் எடுத்த இடத்துக்கும் கால் பாகைக் கட்டம் (அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் கால் பாகை அளவுள்ள கட்டத்தின் குறியீடு) போதும், தென்னாப்பிரிக்கத் தாவரப் பதிவுகளில் காலங்காலமாக நடப்பதுதான். டர்பன் 2931சிசி, மாரிட்ஸ்பர்க் 2930சிபி. ஒரு கட்டம் சுமார் 25 கிலோமீட்டர் அகலம் இருக்கும், திருடனுக்கு உதவாது, ஆராய்ச்சிக்கு உதவும். துல்லியமான இடம் வேண்டுமானால் பெரியப்பாவின் அட்டையிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

---

நட்டால்_ஈந்து எழுதியது:

இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் கையில் விட்டால், ஒருவர் மட்டும் பதிவார், மற்றவர் தன் பங்கை விரிதாளில் அனுப்புவார். கோயில் உண்டியல் எண்ணும்போது ஒருவர் எண்ண, ஒருவர் எழுதுவதில்லையா? தகராறே வராது. எதை எடுத்தாலும் மாதத்துக்கு ஒருமுறை எல்லா அட்டவணையையும் சிஎஸ்வியாக (எதிலும் திறக்கக்கூடிய வெறும் உரைக் கோப்பு) இறக்கி வையுங்கள். மணியத்தின் பிளாப்பி கதை உங்களுக்கு வேண்டாம்.

---

தேவி_சாட்ஸ்வொர்த் எழுதியது:

நட்டால் ஐயா யோசனை எங்களுக்குச் சரிப்படும். எஸ்கியூலைட், நான் பதிகிறேன், தம்பி விரிதாள் அனுப்புவான். நேற்று சோதனைக்குச் சில வரிசை ஏற்றினேன். கொய்யா என்று தேடினால் ஒன்றுதான் வருகிறது, ஆனால் பட்டியலில் கண்ணுக்கு முன்னால் இரண்டு கொய்யா நிற்கிறது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. இது என்ன கூத்து?

---

கள்ளிக்காடன் எழுதியது:

இது தமிழில் பதிகிற எல்லோரும் ஒருநாள் மாட்டுகிற இடம். "கொ" என்ற எழுத்தில் கொம்பும் காலும் சேர்ந்த குறி ஒருங்குறியில் ஒரே எழுத்தாகவும் உண்டு, கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் தட்டலாம். திரையில் மயிரிழை வித்தியாசம் தெரியாது. எஸ்கியூலைட் உள்ளே இருக்கும் எண்களைத்தான் ஒப்பிடும், அதற்கு இவை இரண்டு வேறு சொற்கள். நீங்களும் தம்பியும் வேறு வேறு விசைப்பலகையில் தட்டியிருப்பீர்கள்.

ஏற்றும்போதே எல்லாத் தமிழ்ப் பத்தியையும் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒரே எழுத்தாகச் சேர்க்கும் ஒருங்குறி முறை) வடிவுக்கு மாற்றிவிடுங்கள். பைத்தானில் யூனிகோட்டேட்டா என்ற கூறு கூடவே வரும், ஒரு வரிதான், எழுதி அனுப்புகிறேன். தேடும் சொல்லையும் அதே மாதிரி மாற்றித் தேட வேண்டும். சிஎஸ்வியை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கித் திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரியலாம். பயப்படாதீர்கள், கோப்பு கெடவில்லை. லிப்ரே ஆபீஸில் திறந்து, குறிமுறை கேட்கும்போது யுடிஎஃப்-8 என்று சொல்லுங்கள்.

---

நட்டால்_ஈந்து எழுதியது:

தேவிம்மா, நீங்கள் அனுப்பிய மாதிரிப் பட்டியலில் "வேம்பு, கோயில் பூஜைக்கு" என்று ஒரு வரிசை. அதன் இலையைப் படம் எடுத்துப் போட முடியுமா? இங்கே மாரியம்மன் பூஜைக்கு ஒடிக்கிற மரம் பல வீட்டில் வேம்பு போலவே தோன்றும் சிரிங்கா. வேம்பு என்றால் ஒரு காம்பின் இரு பக்கமும் நேராகச் சிற்றிலை வரும். சிரிங்காவில் காம்பு கிளைத்து, கிளையில் மறுபடி சிற்றிலை இருக்கும்.

---

தேவி_சாட்ஸ்வொர்த் எழுதியது:

கிளைத்துத்தான் இருக்கிறது ஐயா. படம் போட்டிருக்கிறேன் (இடத்தை எடுத்துவிட்டேன்!). அப்படியானால் வரிசையில் வேம்பை அழித்து எழுதிவிடவா?

---

நட்டால்_ஈந்து எழுதியது:

அழிக்க வேண்டாம். "அடையாளம்" என்று தனியாக ஒரு வரிசை சேருங்கள்: மேலியா அசெடராக், யார் சொன்னது, எந்தத் தேதி, எதை வைத்து. பெரியப்பாவின் வேம்பு முதல் அடையாளமாக அப்படியே நிற்கட்டும். நாளைக்கு நான் சொன்னதே தவறு என்று ஒருவர் வந்தால் மூன்றாவது வரிசை.

சிரிங்கா அரசின் அந்நிய ஊடுருவிப் பட்டியலில் 1பி வகை (கட்டுப்படுத்த வேண்டியது), நகர்ப்பகுதியில் 3ஆம் வகை என்று போட்டிருக்கிறார்கள். 3 என்றால் இருக்கும் மரம் இருக்கலாம், புதிதாக நடவோ விற்கவோ கொடுக்கவோ கூடாது. யாராவது கன்று கேட்டால் தராதீர்கள். பெயர் அட்டவணையில் இந்தச் சட்ட வகைக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள், சைக்காடுக்கும் அது உதவும்.

---

எழிலி எழுதியது:

பெயர் மாற்றம் என்றதும் ஞாபகம் வந்தது. 2024இல் மாட்ரிட் தாவரவியல் மாநாட்டில் "காஃப்ரா" என்று முடியும் பெயர்களை எல்லாம் "அஃப்ரா" ஆக்க ஓட்டுப் போட்டார்கள். இந்த நாட்டில் கறுப்பின மக்களைக் குத்திய வசைச்சொல் அது, அதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. இருநூறுக்கு மேற்பட்ட இனங்கள். கடற்கரை முருக்கு இனி எரித்ரினா அஃப்ரா. அக்கேசியா கதை தெரியும்தானே, 2005இல் வியன்னாவில் அந்தப் பெயரை ஆஸ்திரேலியாவுக்குக் கொடுத்தார்கள், நம்முடையவை வாச்செல்லியாவும் செனிகாலியாவும் ஆயின. பெயரைத் தனி அட்டவணையில் வைத்தவருக்கு இதெல்லாம் ஐந்து நிமிஷ வேலை. ஒவ்வொரு செடியின் வரிசையிலும் எழுதி வைத்தவர் பாடு திண்டாட்டம். சரியான பெயரைக் கியூ தோட்டத்தின் பிளாண்ட்ஸ் ஆஃப் த வேர்ல்ட் ஆன்லைனில் பாருங்கள். அழிவு நிலைக்குச் சான்பியின் செம்பட்டியல்.

---

தொங்காட்_மணியம் எழுதியது:

இத்தனை பேசினீர்கள், எண்ணைச் செடியில் எதை வைத்து எழுதுவது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. டர்பன் வெயிலுக்கு மார்க்கர் மை ஒரு கோடை தாங்காது. பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் எழுதுங்கள், அது நிற்கும். மரத்துக்கு அலுமினியப் பட்டை, ஆணியால் அழுத்தி எழுதி, கம்பியைத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் மரம் பருக்கும்போது கம்பி தோலை அறுக்கும். பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும், பெயர்தான் மாறிக்கொண்டே இருக்கிறதாமே.

---

கள்ளிக்காடன் எழுதியது:

அண்ணாவின் கடைசி வரியை இந்த இழைக்கு மேலே ஒட்டி வைக்கலாம்.

---

தேவி_சாட்ஸ்வொர்த் எழுதியது:

பென்சில் வாங்கிவிட்டேன் மணியம் அண்ணா. கடைசியாக ஒன்று. அட்டையில் "87" என்றோ "மார்கழி வாக்கில்" என்றோதான் இருக்கிறது. தேதிப் பத்தி முழுத் தேதி கேட்கிறது. 1987 ஜனவரி 1 என்று போட்டுவிடலாமா?

---

எழிலி எழுதியது:

வேண்டவே வேண்டாம். பத்து வருஷம் கழித்துப் பார்க்கிறவர் புத்தாண்டு அன்று ஆற்றோரம் போய் எடுத்தார் என்று நம்பிவிடுவார். எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனி வகை கிடையாது, உரையாகவே வைக்கலாம். 1987 என்று மட்டும் எழுதுங்கள், மாதம் தெரிந்தால் 1987-12. பக்கத்தில் "அட்டையில் உள்ளபடி" என்று ஒரு பத்தி, அதில் மார்கழி வாக்கில் என்றே எழுதுங்கள்.

இன்னும் ஒன்று சொல்வேன், மென்பொருளை விட இது அவசரம். பெரியப்பா பேசக்கூடிய நிலையில் இருக்கிறார். ஒவ்வொரு தொட்டியாகக் கூட்டிக்கொண்டு போய், போனில் ஒலிப்பதிவு போட்டுவிட்டு, "இது எங்கிருந்து வந்தது பெரியப்பா?" என்று கேளுங்கள். முதலில் எண்ணைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள், பிறகு எந்தச் செடியைப் பற்றிப் பேசினார் என்று தேட வேண்டியிருக்காது. அட்டவணை அடுத்த மாதம்கூட அமைக்கலாம்.

---

தேவி_சாட்ஸ்வொர்த் எழுதியது:

இன்று மாலை கற்றாழை வரிசையில் ஆரம்பித்தோம் அக்கா. கண் தெரியாவிட்டாலும் இலையைத் தடவிப் பார்த்தே சொல்கிறார். யூ என்று நான் குறித்து வைத்திருந்ததில் பல டபிள்யூ ஆகிவிட்டன. ஒன்றிரண்டு இடத்தில் அட்டையில் ஓர் ஊர், அவர் சொல்வது வேறோர் ஊர். இரண்டையும் எழுதிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தம்பி வருகிறான், சைக்காடுப் பக்கம் போகிறோம். அனுமதிச் சீட்டு எந்தப் பீரோவில் இருக்கிறது என்றும் அன்றைக்கே கேட்டுவிடுகிறேன்.